வாசனைக்கும் எடை உண்டு

*பினாயில், ரூம் ஃப்ரெஷ்னர், பெயின்ட், கொசு விரட்டி என்று வீட்டுக்குள் தினமும் எதையோ ஆவியாக்குகிறோம். அதை அளக்கப் புறப்பட்டவர்கள் கண்டது என்ன?*

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில், கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் நோவா என்ற அரசு நிறுவனத்துக்கு ஓர் ஆய்வகம் இருக்கிறது. நகரத்துக் காற்றை உறிஞ்சி அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அங்கே அளந்துகொண்டிருந்தார்கள். காலையில் ஜனங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பென்சீன் ஏறும். அது எதிர்பார்த்ததுதான், வண்டிப் புகையில் பென்சீன் உண்டு. ஆனால் அதே நேரத்தில் இன்னொரு பொருளும் கூடவே ஏறியது. இதுவும் வண்டிப் புகையாகவே இருக்கும் என்று நினைத்து, புகைக்குழாயில் வரும் புகையைச் சோதித்தார்கள். அதில் அந்தப் பொருள் இல்லை.

அதன் பெயர் டி5 சிலாக்சேன். டியோடரன்ட், லோஷன், தலைக்குப் பூசும் ஜெல் போன்றவற்றில் வழவழப்புக்காகச் சேர்ப்பது. காலையில் குளித்துப் பூசிக்கொண்டு காரில் ஏறியவர்களின் உடம்பிலிருந்துதான் அது காற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொழுது ஏற ஏற, பூசியது ஆவியாகித் தீரத் தீர, அளவும் இறங்கியது. மேத்யூ காகனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018இல் இதை வெளியிட்டார்கள். வண்டிகள் விடும் பென்சீனுக்கு ஈடான அளவில் மனிதர்கள் இந்தச் சிலாக்சேனை விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அதே 2018இல் 'சயின்ஸ்' இதழில் பிரையன் மெக்டொனால்டு தலைமையில் இன்னொரு ஆய்வு வந்தது. பெயின்ட், பசை, பூச்சிமருந்து, அச்சு மை, துப்புரவுத் திரவம், அழகு சாதனம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். தொழில்வளம் மிக்க நகரங்களில், பெட்ரோலிய மூலத்திலிருந்து வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களில் ஏறத்தாழப் பாதி இந்தப் பொருள்களிலிருந்து வருகிறது என்பது அதன் முடிவு. எடையில் பார்த்தால் மக்கள் பயன்படுத்தும் எரிபொருள் இவற்றைப்போல 15 மடங்கு. அப்படியிருந்தும் காற்றில் சேரும் பங்கு எப்படிப் பாதிக்குப் பாதியாகிறது? பெட்ரோலை மூடிய டாங்கியில் வைத்து எஞ்சினில் எரித்துவிடுகிறோம், அதில் சிந்துவதும் கசிவதும்தான் காற்றுக்குப் போகிறது. சென்ட்டும் தின்னரும் ஸ்ப்ரேயும் ஆவியாவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் வேலையே காற்றில் கலப்பதுதான்.

ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்பது ஒரு பெருங்கூட்டம். கார்பனை அடிப்படையாகக் கொண்டு, அறை வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றில் கலக்கும் பொருள்கள் எல்லாம் இதில் அடக்கம். எலுமிச்சைத் தோலின் லிமோனீன் இதில் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவரின் அசிட்டோன், சானிடைசரின் எத்தனால், தின்னரின் டொலுவீன், பாச்சை உருண்டையின் நாஃப்தலீன், பிளைவுட் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு எல்லாம் உண்டு. சில ஏறக்குறைய தீங்கற்றவை. சில, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும் திட்டவட்டமான புற்றுநோய்க் காரணிகள். பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் அங்கேதான் இருக்கின்றன. எல்லாவற்றையும் சுருக்கமாக விஓசி என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். இந்தக் கூட்டத்தை ஒற்றை எண்ணாக அளந்து பாட்டிலில் அச்சிட்டால் போதுமா என்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

பாட்டிலுக்குள் எவ்வளவு?

வீட்டுப் பொருள்களை அளக்க வேண்டும் என்று முதலில் கிளம்பியது கலிபோர்னியா. வீட்டுக்குள் இருப்பவர்களின் நுரையீரலை நினைத்து அல்ல, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டத்தை நினைத்து. 1950களில் கால்டெக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் அந்தக் கண்ணெரிச்சல் மூட்டத்தின் புதிரை அவிழ்த்தார். அதற்கு முன்பு அவர் அன்னாசிப்பழத்தின் மணம் எந்தெந்தச் சேர்மங்களால் ஆனது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். வண்டிகளுக்கும் ஆலைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. பிறகுதான் ஹேர் ஸ்ப்ரேயும் டியோடரன்ட்டும் கண்ணில் பட்டன. கலிபோர்னியா காற்று வளங்கள் வாரியம் 1989இல் டியோடரன்ட் வகைகளுக்கும், அடுத்த ஆண்டு பிற நுகர்பொருள்களுக்கும் வரம்பு விதித்தது. ஹேர் ஸ்ப்ரேயில் 80 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு 1999இல் 55 சதவீதம் ஆனது.

வரம்பு வைத்தால் அளக்க வேண்டும். அதற்கு அந்த வாரியம் வகுத்த வழி 'மெத்தட் 310'. கடையிலிருந்து பொருளை வாங்கி வருவார்கள். ஸ்ப்ரே டப்பாவாக இருந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயுவை முதலில் தனியே பிடித்து, எடை பார்த்து, பகுத்து வைப்பார்கள். மீதித் திரவத்தில் ஒரு சிட்டிகை அளவை அலுமினியத் தட்டில் இட்டு, 110 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். முன்னும் பின்னும் எடை. குறைந்தது எல்லாம் ஆவியானது. ஆனால் ஆவியானதில் தண்ணீரும் இருக்கிறது. ஆகவே தண்ணீர் எவ்வளவு என்பதைக் கார்ல் ஃபிஷர் முறையில் தனியாகப் பார்ப்பார்கள். அயோடினும் கந்தக டை ஆக்சைடும் தண்ணீரோடு கணக்காக வினைபுரிவதைப் பயன்படுத்தும் இந்த முறையை, அந்த ஜெர்மானிய வேதியியலாளர் 1935இல் வெளியிட்டார். தண்ணீரையும் சட்டம் விலக்களித்த சேர்மங்களையும் மொத்தத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் விஓசி.

கழித்து எடுக்கும் கணக்கில் ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. லாரியை எடைமேடையில் ஏற்றி, பிறகு டிரைவரை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் டிரைவரின் எடையைச் சொல்வதற்கு ஒப்பானது அது. கண்ணாடி துடைக்கும் ஒரு திரவத்தில் தண்ணீர் 98 சதவீதம், விஓசி 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை அளப்பதில் நூற்றுக்கு ஒன்று பிசகினாலும் விடை 1 என்றும் வரலாம், 3 என்றும் வரலாம். அதாவது, சட்டத்துக்கு உட்பட்டதா மீறியதா என்பதே மாறிவிடும். பழைய ஆயில் பெயின்ட்டுக்கு இந்த முறை சரியாக இருந்தது, அதில் பாதிக்குப் பாதி கரைப்பான். தண்ணீரில் கரைத்த இன்றைய எமல்ஷனுக்குத்தான் பொருந்தவில்லை. அதனால் இப்போது குறைந்த விஓசி பொருள்களில் ஒவ்வொரு சேர்மத்தையும் கேஸ் குரோமட்டோகிராஃபில் நேரடியாகப் பிரித்து அளந்து கூட்டும் முறை வந்திருக்கிறது.

கேஸ் குரோமட்டோகிராஃப் என்பது பல மீட்டர் நீளமுள்ள, தலைமுடி போன்ற உட்துளை கொண்ட ஒரு சுருள் குழாய். ஆவிக் கலவையை ஹீலியம் போன்ற வாயு அதன் வழியே தள்ளிக்கொண்டு போகும். குழாயின் உட்சுவரில் ஒட்டும் தன்மை ஒவ்வொரு சேர்மத்துக்கும் வெவ்வேறு. குறைவாக ஒட்டுவது முதலில் வெளியே வரும், அதிகம் ஒட்டுவது தாமதித்து வரும். வெளியே வருவதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உடைத்து, துண்டுகளின் எடையைக் கொண்டு இது லிமோனீன், இது டொலுவீன் என்று இனம் காணும். 'லாவண்டர் மணம்' என்று மட்டும் எழுதிய ஒரு பாட்டில் இந்தக் கருவியில் பல சேர்மங்களின் பட்டியலாக விரியும்.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவை

கழித்தலில் 'விலக்களித்த சேர்மங்கள்' என்று ஒரு வரி வந்ததே, அங்கே சற்று நிற்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் விஓசி வரையறை ஓசோனுக்காக எழுதப்பட்டது. எது வெயிலில் அதிக ஓசோன் உண்டாக்காதோ அதற்கு விலக்கு. அசிட்டோன் அப்படி 1995இல் விலக்குப் பெற்றது. அதில் பெரிய தவறில்லை. ஆனால் பெயின்ட் உரிக்கும் திரவங்களில் இருந்த டைகுளோரோமீத்தேனும் விலக்குப் பட்டியலில் இருந்தது. டிரை கிளீனிங் கடைகளின் பெர்குளோரோஎத்திலீனும் இருந்தது. இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவையாகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முழுக்க டைகுளோரோமீத்தேனே நிரம்பிய ஒரு டப்பாவுக்கு, சட்டக் கணக்கின்படி விஓசி பூஜ்யம்! அவற்றைத் தடுக்கத் தனியாக வேறு விதிகளை எழுத வேண்டியிருந்தது. வீட்டு உபயோகத்துக்கான பெயின்ட் உரிப்பான்களில் டைகுளோரோமீத்தேனை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தடை செய்தது 2019இல்தான். போல்டரில் பிடிபட்ட சிலாக்சேனுக்கும் விலக்கு உண்டு.

மெதுவாக ஆவியாகும் கரைப்பான்களுக்கும் கலிபோர்னியா விதியில் விலக்கு இருக்கிறது. 20 டிகிரியில் ஆவியழுத்தம் 0.1 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால் கணக்கில் வராது. தெற்குக் கடற்கரைப் பகுதியின் காற்றுத்தர நிர்வாகத்தில் இருந்த ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட கரைப்பான்களை அடுப்பில் ஏற்றாமல், சாதாரண அறை வெப்பத்திலேயே ஆறு மாதம் திறந்து வைத்து, அவ்வப்போது எடை பார்த்தார்கள். ஆவியாகாது என்று விலக்குப் பெற்றவற்றில் பல, வழக்கமான கரைப்பான்களைப் போலவே ஆவியாகித் தீர்ந்தன. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தராசும் பொறுமையும் மட்டும்தான்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: 'ஜீரோ விஓசி' என்று டப்பாவில் பார்த்தால், எந்த வரையறையின்படி, எந்த முறையில் அளந்த பூஜ்யம் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் அச்சிடாத டப்பாவின் பூஜ்யத்தை நம்புவதற்கில்லை.

அறைக்குள் எவ்வளவு?

பாட்டிலில் இருப்பது வேறு, அறைக் காற்றில் சேர்வது வேறு. இதை அளக்க ஐரோப்பாவில் வேறு வழியில் போனார்கள். துருப்பிடிக்காத எஃகிலோ கண்ணாடியிலோ செய்த சிறு அறைக்குள் பொருளை வைத்து மூடுவார்கள். 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாறும்படி தூய காற்றைச் செலுத்துவார்கள். மூன்றாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் வெளியேறும் காற்றில் ஒரு பகுதியை டெனாக்ஸ் என்ற தூள் அடைத்த குழாய் வழியே இழுப்பார்கள். ஆவிகள் தூளில் ஒட்டிக்கொள்ளும். குழாயைச் சூடாக்கினால் விடுபட்டுக் குரோமட்டோகிராஃபுக்குள் போகும். கட்டுமானப் பொருள்களுக்கு இந்தச் சோதனையின் அடிப்படையில் ஏ+ முதல் சி வரை தரம் அச்சிட வேண்டும் என்று பிரான்ஸ் 2012 முதல் கட்டாயமாக்கியது. வாங்குகிறவர் கடையிலேயே பார்க்கலாம்.

இந்த 23 டிகிரி நம் ஊருக்கு ஒத்துவராது. சித்திரை மாதத்து மதுரையிலோ வேலூரிலோ வீட்டுக்குள்ளேயே 33 டிகிரியைத் தாண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பல கரைப்பான்களின் ஆவியழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை உயரும். ஐரோப்பிய சோதனைச் சான்றிதழோடு வரும் ஒரு பொருள் இங்கே அதே வேகத்தில்தான் ஆவியாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு சிக்கல் ஃபார்மால்டிஹைடு. டெனாக்ஸ் தூளில் அது நிற்காது. கையடக்க அளவீட்டுக் கருவிகளில் பரவலாக இருக்கும் 10.6 எலக்ட்ரான் வோல்ட் புறஊதா விளக்கு, அதை அயனியாக்கும் அளவுக்குச் சக்தியற்றது. அதற்கென்றே டிஎன்பிஎச் என்ற வேதிப்பொருள் பூசிய குழாய் வேண்டும், வேறு கருவியில் பகுத்தறிய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் 'காற்றுத்தர மானிட்டர்'கள் விஓசி என்று ஓர் எண்ணைக் காட்டுகின்றன. அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது உலோக ஆக்சைடு உணரி ஒன்று. சானிடைசர் தேய்த்த கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் பல மடங்கு எகிறும். அது எத்தனாலா பென்சீனா என்று அந்த உணரிக்குத் தெரியாது. காற்று முன்பைவிட மோசமாகிறதா, தெளிகிறதா என்று பார்க்க அது உதவும். பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்ல உதவாது.

ஆவியானது ஆவியானபடியே இருப்பதும் இல்லை. எலுமிச்சை மணத்தின் லிமோனீனும் பைன் எண்ணெயின் டெர்பீன்களும் சன்னல் வழியே வரும் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்குகின்றன. பாட்டிலைச் சோதித்தால் ஃபார்மால்டிஹைடு இல்லை என்று வரும், துடைத்து முடித்த அறையைச் சோதித்தால் இருக்கிறது என்று வரும். 2018 கோடையில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில், பல்கலைக்கழக வளாகத்துச் சோதனை வீடு ஒன்றில் மரினா வான்ஸ், டெல்ஃபின் ஃபார்மர் தலைமையில் பல ஆய்வுக்குழுக்கள் கூடிச் சமைத்தும் துடைத்தும் அளந்தார்கள். அங்கே கண்ட ஒன்று முக்கியமானது. சன்னலைத் திறந்தால் பல சேர்மங்களின் அளவு இறங்குகிறது, மூடியதும் மறுபடி ஏறிவிடுகிறது. சுவரும் திரையும் மெத்தையும் ஆவிகளைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல விடுகின்றன. ஐந்து நிமிடம் சன்னலைத் திறந்து மூடுவதால் வீடு சுத்தமாகிவிடாது.

மூச்சுக்குள் எவ்வளவு?

நான் மிகவும் மதிக்கும் அளவீடு 1980களின் தொடக்கத்தில் நடந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் லான்ஸ் வாலஸும் அவர் குழுவினரும் சுமார் 600 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் உடம்பிலும் சிறிய பம்பையும் டெனாக்ஸ் குழாயையும் மாட்டிவிட்டார்கள். போகுமிடமெல்லாம் அது கூடவே போகும். அவர்கள் வெளிவிடும் மூச்சையும் பிடித்து அளந்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் நியூ ஜெர்சியின் பேயோனும் எலிசபெத்தும் உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் சூழ்ந்த ஊர்கள். ஆலைக்கு அருகில் இருப்பவர்களே அதிகம் சுவாசிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பல சேர்மங்கள் வெளிக்காற்றைவிட வீட்டுக்குள் இரண்டு முதல் ஐந்து மடங்கு இருந்தன. ஆலை நகரத்திலும் அப்படித்தான், தொழிற்சாலையே இல்லாத சிற்றூரிலும் அப்படித்தான். வீட்டில் பிடித்த சிகரெட், டிரை கிளீனிங் செய்து வந்த துணி, பாச்சை உருண்டையும் கழிப்பறை மணக்கட்டியும் விடும் பாராடைகுளோரோபென்சீன் என்று, காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காற்று மாசுக் கொள்கையை வீட்டு அலமாரியின் பக்கம் திருப்பியது இந்த ஆய்வு.

அப்போதும் பாட்டில்கள் வாயைத் திறக்கவில்லை. ஆன் ஸ்டைன்மன் என்ற ஆய்வாளர் வாசனை சேர்த்த 25 நுகர்பொருள்களைச் சோதித்து 2010இல் வெளியிட்டார். ரூம் ஃப்ரெஷ்னர், துணி சோப்பு, துப்புரவுத் திரவம், அழகு சாதனம் எல்லாம் அதில் அடக்கம். வெளிப்பட்ட வெவ்வேறு ஆவிச் சேர்மங்கள் 133. அவற்றில் 24, அமெரிக்கக் கூட்டரசின் ஏதாவது ஒரு சட்டத்தில் நச்சு அல்லது அபாயகரம் என்று குறிக்கப்பட்டவை. 133இல் லேபிள்களில் அச்சாகியிருந்தது ஒன்றே ஒன்று! 'இயற்கை', 'பசுமை' என்று சொல்லிக்கொண்ட பொருள்களும் இதில் விலகி நிற்கவில்லை.

2021இல் நடந்தது இன்னும் கூர்மையானது. கனெக்டிகட் மாநிலத்தின் வாலிஷர் என்ற தனியார் ஆய்வகம் கடைகளில் விற்ற சன் ஸ்க்ரீன்களின் 294 தொகுதிகளைச் சோதித்தது. 78 தொகுதிகளில் பென்சீன் இருந்தது. யாரும் வேண்டுமென்று சேர்க்காத பொருள் அது. ஸ்ப்ரே வகைகளில், உந்துவாயுவாகப் பயன்படும் பியூட்டேன் போன்ற பெட்ரோலிய வாயுவோடு அது வந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் அந்த ஜூலையில் ஸ்ப்ரே சன் ஸ்க்ரீன்களைத் திரும்பப் பெற்றது; அடுத்த ஆண்டு யுனிலீவர் அமெரிக்காவில் சில டிரை ஷாம்பூக்களைத் திரும்பப் பெற்றது. ஒரு வெளி ஆய்வகம் அளந்து பார்த்ததால்தான் வாங்கியவர்களுக்கு இது தெரியவந்தது.

நம் படுக்கையறைக் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆய்வகம் இல்லாமலே ஒரு கணக்குப் போடலாம். கொசு விரட்டி லிக்விட் பாட்டிலின் பின்புறம் பாருங்கள். ட்ரான்ஸ்ஃப்ளுத்ரின் 1.6 சதவீதம் என்று அச்சிட்ட பாட்டில்கள் உண்டு. மீதி 98 சதவீதத்துக்கு மேல் இருப்பது, பெரும்பாலும் மணம் நீக்கிய மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். அது எந்த வகை, எவ்வளவு என்று பாட்டில் விரிவாகச் சொல்வதில்லை. 45 மில்லி பாட்டில் 45 இரவுக்கு வருகிறது என்று கொண்டால், இரவுக்கு 1 மில்லி, ஏறத்தாழ 0.8 கிராம். எட்டு மணி நேரத்தில் மணிக்கு 100 மில்லிகிராம். பத்துக்குப் பன்னிரண்டடி அறையைச் சுமார் 30 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏசி போட்டுச் சன்னலை அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் காற்று மாறுகிறது என்றால், கன மீட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் போகும். ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை, மொத்த விஓசி 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த அறையில் நீண்ட காலம் வசிக்கக் கூடாது என்கிறது. நான் போட்டது மேல்வரம்புக் கணக்கு. ஒரு பகுதி சுவரிலும் துணியிலும் படியும்; சன்னலைத் திறந்தால் அளவு பல மடங்கு குறையும். குறைய வைக்க முடியும் என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

பாச்சை உருண்டையின் கணக்கு இன்னும் கடுமை. நாஃப்தலீனுக்கு உலக சுகாதார நிறுவனம் 2010இல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதே 30 கன மீட்டர் அறையில், அதே மந்தமான காற்றோட்டத்தில், நாளுக்கு 3.6 மில்லிகிராம் ஆவியானாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். 4 கிராம் உருண்டை ஒன்று மூன்று மாதத்தில் கரைந்து மறைந்தால் நாளுக்கு 44 மில்லிகிராம். வரம்பைப்போல 12 மடங்கு, ஓர் உருண்டைக்கு! நாம் பீரோவில் ஒரு கைப்பிடி போடுகிறோம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது மருத்துவர்கள் நெடுநாளாக எச்சரிக்கும் விஷயம். பிறந்த குழந்தைக்கு உருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியை எடுத்துச் சுற்றும் வழக்கம் உள்ள வீடுகள், தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாஃப்தலீன் உருண்டை 2008 முதல் விற்பனையில் இல்லை.

இந்தக் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். பொற்கொல்லர் பட்டறையிலோ நகைக்கடையிலோ இருக்கும், 0.01 கிராம் காட்டும் தராசு போதும். புது உருண்டையை, மணக்கட்டியை, கொசு லிக்விட் பாட்டிலை இன்று எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். குறைந்த எடை முழுவதும் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் போனது. பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல அறிவியல் செயல்திட்டம் கிடைக்காது.

கொசுவத்திச் சுருள் ஆவியாவதோடு எரியவும் செய்கிறது. சீன, மலேசியச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் வந்த ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்றும், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் வரை போகலாம் என்றும் கண்டார்கள். டெங்கு உள்ள ஊரில் கொசுவோடு படுத்துக்கொள்ளுங்கள் என்று எவரும் சொல்ல முடியாது. கொசுவலையும் சன்னல் வலையும் அடிக்க முடிந்தவர்கள் அதைச் செய்யலாம். முடியாதவர்கள் படுக்கப் போவதற்கு முன்பு ஏற்றி, படுக்கும்போது அணைத்துச் சன்னலைத் திறக்கலாம்.

இந்த ஆவிகளை எல்லோரும் சமமாகச் சுவாசிப்பதில்லை. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் வந்த ஆய்வு 6,235 பேரை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வீட்டில் துப்புரவு செய்யும் பெண்களுக்கும் அதையே தொழிலாகச் செய்யும் பெண்களுக்கும், செய்யாதவர்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. பத்து ஐரோப்பிய நாடுகளில் 3,503 பேரைக் கவனித்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, வாரம் ஒருமுறையாவது துப்புரவு ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா அறிகுறி கூடுவதைக் கண்டது. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயும் ரூம் ஃப்ரெஷ்னரும் அதில் முன்னால் நின்றன. நான்கு வீட்டில் தரை துடைக்கும் அக்காவும், அடைத்த அறையில் வார்னிஷ் அடிக்கும் பெயின்டரும், பார்லரில் நாள் முழுக்க அசிட்டோன் சுவாசிக்கும் பெண்ணும்தான் நம் ஊரில் இதை அதிகம் சுமப்பவர்கள். ஸ்ப்ரேயை நேரே காற்றில் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்வது, வேலை முடியும்வரை மின்விசிறியை ஓடவும் சன்னலைத் திறந்திருக்கவும் விடுவது, முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது, இவை அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சம்.

இந்தியாவில் வெளிக்காற்றுக்கு 2009இல் வகுத்த தேசியத் தரநிலையில் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற வரம்பு உண்டு. வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்குச் சட்ட வரம்பு எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் துப்புரவுப் பொருள்களின் உட்பொருளை 2020 முதல் இணையத்திலும் 2021 முதல் லேபிளிலும் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே பினாயில் பாட்டிலில் விலை, அளவு, தேதி, மணத்தின் பெயர் இருக்கும்; உள்ளே என்ன என்ற பட்டியலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நம்மால் முடியாத காரியம் அல்ல இது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, டப்பாவில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2016இல் விதி வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கும் வந்தது. குரோமட்டோகிராஃப் வைத்திருக்கும் ஆய்வகங்கள் தமிழ்நாட்டிலேயே பல இருக்கின்றன. வேண்டியது இரண்டு விதிகள்: ஆவியாகும் கரிமச் சேர்மம் எத்தனை சதவீதம், எந்த முறையில் அளந்தது என்று பாட்டிலில் ஒரு வரி, 35 டிகிரி வெப்பத்தில் அறைச் சோதனை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் புதிய தரநிலைகளின் வரைவுகளைப் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கிறது. நுகர்வோர் சங்கங்களும் மருத்துவர்களும் வேதியியல் ஆசிரியர்களும் அங்கே இந்த இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும். நீங்களும் கேளுங்கள்.